எல்லைக் கோடும் கூலிக் கோடும்

1956ஆம் ஆண்டு அக்டோபர் இறுதி வரை மங்களூரும் கண்ணனூரும் ஒரே மாநிலத்தின் இரு நகரங்களாக இருந்தன. தென் கன்னட மாவட்டமும் மலபார் மாவட்டமும் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தவை. ஒரே கடற்கரை, ஒரே இருப்புப்பாதை, சென்னைக் கோட்டையிலிருந்து இரண்டுக்கும் ஒரே ஆணை. நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தென் கன்னடம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது; அதன் காசர்கோடு தாலுகாவும் மலபாரும் கேரளத்தோடு சேர்ந்தன. நிலப்படத்தில் ஒரு புதிய கோடு விழுந்தது. அன்று அதனை மொழிக் கோடு என்றே அனைவரும் கருதினர். பன்னிரண்டு ஆண்டுகளுக்குள் அதே கோடு கூலிக் கோடாகவும் மாறிற்று. அதனால் ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குடும்பங்களின் அடுப்பு அணைந்தது. அந்த வரலாற்றையும், அதிலிருந்து நாம் பெறவேண்டிய பாடத்தையும் இங்கே எடுத்துரைக்க விழைகின்றோம்.

குறைந்தபட்சக் கூலியைப் பற்றி இரு கருத்துகள் நெடுங்காலமாக மோதி வருகின்றன. கூலியைச் சட்டத்தால் உயர்த்தினால் தொழில் நசிக்கும் என்பார் ஒரு சாரார். கூலி உயர்ந்தால் உழைப்பின் திறமும் உயரும், நாடும் செழிக்கும் என்பார் மறு சாரார். இரு சாராரும் பெரும்பாலும் ஓரிடத்தை மட்டுமே பார்த்துப் பேசுகின்றனர். தொழில் எங்கிருந்து போயிற்று என்று ஒருவர் கேட்கிறார்; அது எங்கே போய்ச் சேர்ந்தது, சேர்ந்த இடத்தில் என்ன செய்தது என்பதை எவரும் கேட்பதில்லை. கோட்டின் இரு பக்கமும் நின்று பார்த்தாலன்றி உண்மை புலப்படாது. அவ்வாறு பார்ப்பதற்குப் பீடித் தொழிலைப் போல் பொருத்தமான சான்று வேறில்லை.

வேரூன்றாத தொழில்

பீடிக்கு வேண்டிய இலை மத்தியப் பிரதேசம், ஒரிசா முதலிய மாநிலங்களின் காடுகளிலிருந்து வருகிறது. புகையிலைத் தூள் குஜராத்தின் கேடா வட்டாரத்திலிருந்தும், கர்நாடகத்தின் நிப்பாணியிலிருந்தும் வருகிறது. இவ்விரண்டும் மூட்டையாகக் கட்டி எங்கும் எடுத்துச் செல்லத்தக்கவை. சுற்றுவதற்கோ பெரிய கட்டடம் வேண்டுவதில்லை, மின்சாரம் வேண்டுவதில்லை, இயந்திரம் வேண்டுவதில்லை. ஒரு சுளகு, ஒரு கத்தரிக்கோல், இலையை அளந்து வெட்ட ஒரு தகடு, சிறிது நூல், பழகிய பத்து விரல்கள் - இவை போதும்.

நெசவாலையை மூடிவிட்டு வேற்றூர் செல்ல நினைக்கும் முதலாளி தறிகளை என்ன செய்வது என்று சிந்திக்க வேண்டும். பீடி முதலாளிக்கு அந்தக் கவலையில்லை. மூட்டையை ஏற்றிய லாரி வேறொரு ஊருக்குத் திரும்பினால் தொழிலே திரும்பிவிடும். இலையின் விலையும் தூளின் விலையும் ஊருக்கு ஊர் மிகுதியாக வேறுபடுவதில்லை. வேறுபடுவது கூலி ஒன்றே. ஆகவே கூலி எங்கே குறைவோ அங்கே தொழில் ஓடுவது இயல்பாயிற்று. புகைப்பவரின் உடலுக்கும் சுற்றுபவரின் நுரையீரலுக்கும் பீடி கேடு விளைவிப்பது என்பதில் ஐயமில்லை. எனினும், இலட்சக்கணக்கான ஏழைகள் அதனால்தான் உண்டனர் என்பதையும் மறுப்பதற்கில்லை.

1948இன் சட்டம்

கூலிக்குச் சட்டத்தால் ஒரு தளம் அமைக்கும் வழக்கம் 1890களில் நியூசிலாந்திலும் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவிலும் தொடங்கியது. 1909இல் பிரிட்டன் அதனைப் பின்பற்றிற்று. விடுதலை பெற்ற இந்தியா தன் அரசியலமைப்பை எழுதி முடிக்கும் முன்னரே, 1948இல், குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தை இயற்றிற்று. பேரம் பேசும் வலிமையற்ற தொழிலாளர் மிகுந்த தொழில்களை அச்சட்டத்தின் அட்டவணை பட்டியலிட்டது. அரிசி ஆலை, எண்ணெய் ஆலை, தோல் பதனிடுதல், தோட்டத் தொழில் ஆகியவற்றோடு பீடி சுற்றுதலும் அதில் இடம்பெற்றது.

முதலாளிகள் இதனை எதிர்த்து நீதிமன்றம் சென்றனர். 1955இல் அஜ்மீர் பருத்தி ஆலை வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, குறைந்தபட்சக் கூலியை எவ்வாறு கணக்கிடுவது என்று வரையறுத்தது. ஒரு தொழிலாளியின் சம்பாத்தியத்தில் மூன்று பேர் அளவு உணவு, நால்வருக்கு ஆண்டுக்கு 72 கஜம் துணி, வீட்டு வாடகை, விறகு விளக்கு முதலிய செலவினங்கள் என்று அது கணக்கு வகுத்தது. 1961இல் கேரள ஓட்டுத் தொழில் அதிபர்களின் வழக்கிலே உச்ச நீதிமன்றம் இன்னும் தெளிவாகப் பேசிற்று. குறைந்தபட்சக் கூலியைக் கொடுக்க ஒரு முதலாளிக்கு வசதியிருக்கிறதா இல்லையா என்பது கேள்வியன்று. அக்கூலியையும் கொடுக்க இயலாத தொழில், தொழிலாளியின் வயிற்றைச் சுருக்கி நடக்க உரிமையற்றது என்பதே அத்தீர்ப்பின் சாரம்.

கொள்கை உயர்ந்ததுதான். ஆனால் அமைப்பிலே ஓர் ஓட்டை இருந்தது. கூலியை வரையறுக்கும் பொறுப்பு பெரும்பாலும் மாநில அரசுகளிடம் விடப்பட்டது. ஒரு மாநிலத்துக்குள்ளேயே வட்டாரத்திற்கு ஒரு விகிதம் விதிக்கவும் சட்டம் இடம் தந்தது. ஊருக்கு ஊர் விலைவாசி வேறு, வாழ்க்கைச் செலவு வேறு. எனவே கூலியும் வேறாக இருப்பதே நியாயம் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். வேரூன்றி நிற்கும் தொழிலுக்கு இந்த நியாயம் பொருந்தலாம். லாரியில் ஏறி ஓடும் தொழிலுக்கு அதுவே வழிகாட்டிப் பலகையாயிற்று.

ஒரே சட்டம், வெவ்வேறு தேதி

மாநிலங்கள் சும்மா இருக்கவில்லை. சென்னை மாநிலம் 1958இல் பீடித் தொழிற்கூடங்களை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டம் இயற்றியது. அத்தகைய சட்டங்களால் பயன் விளையவில்லை. பெரிய கூடத்தைச் சிறு சிறு கூடங்களாக உடைப்பது, கூடத்தையே மூடிவிட்டு வீடுகளுக்கு இலை கொடுப்பது, காண்டிராக்டரை இடையில் நிறுத்தி அவர் தொழிலாளி எம் தொழிலாளி அல்லர் என்று கைவிரிப்பது, எதுவும் இயலாதபோது மாநிலம் மாறுவது - முதலாளிகளுக்கு வழிகள் பல.

இதனை உணர்ந்தே நாடாளுமன்றம் 1966இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டத்தை நிறைவேற்றிற்று. இத்தொழில் எளிதில் இடம் பெயரக்கூடியது, கட்டுப்பாடில்லாத பகுதியை நோக்கி நகர்வது, ஆகவே மத்தியச் சட்டம் தேவை என்று அச்சட்டத்தின் நோக்க உரையிலேயே கூறப்பட்டது. வேலை நேரம், வார விடுமுறை, ஊதியத்தோடு கூடிய ஆண்டு விடுப்பு ஆகியன எல்லாம் அதில் உறுதி செய்யப்பட்டன. நோயை மருத்துவர் சரியாகவே கண்டறிந்தார். ஆனால் மருந்தை எப்போது உண்பது என்பதை நோயாளிகளின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார். எந்த மாநிலத்தில் எந்த நாளில் சட்டம் நடைமுறைக்கு வரும் என்பதை அந்தந்த மாநில அரசே அறிவிக்கலாம் என்று முதற் பிரிவிலேயே எழுதப்பட்டது. ஓடும் தொழிலைத் தடுக்கவென்று பிறந்த சட்டம், ஓடுவதற்குக் காலமும் இடமும் கொடுத்தது.

கண்ணனூரின் துயரம்

கண்ணனூர் பீடித் தொழிலாளர் 1930களிலேயே சங்கம் கண்டவர்கள். அவர்களுடைய கூடங்களில் ஒரு வழக்கம் உண்டு. தொழிலாளருள் நன்கு வாசிக்கத் தெரிந்த ஒருவர் நடுவில் அமர்ந்து நாளிதழையும் நூல்களையும் உரக்க வாசிப்பார். மற்றவர் சுற்றிக்கொண்டே கேட்பர். வாசித்தவரின் பங்குப் பீடியை மற்றவர் சுற்றிக் கொடுத்துவிடுவர். பள்ளியில் அதிகம் பயிலாத அம்மக்கள் உலகச் செய்திகளை அலசி விவாதிக்கும் திறம் பெற்றது இவ்வாறுதான்.

1967இல் அமைந்த இ. எம். எஸ். நம்பூதிரிபாடின் அமைச்சரவை, 1968இல் மத்தியச் சட்டத்தைக் கேரளத்தில் நடைமுறைப்படுத்த முற்பட்டது. அண்டை மாநிலம் அப்போது அதனை நடைமுறைப்படுத்தவில்லை. மங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட பெரிய பீடி நிறுவனங்கள் கணக்குப் பார்த்தன. கோட்டின் இப்பக்கம் விடுப்புச் சம்பளம் உண்டு, வேலை நேரக் கட்டுப்பாடு உண்டு. அப்பக்கம் இரண்டும் இல்லை. 1968 அக்டோபரில் அவை கண்ணனூர்ப் பகுதிக் கூடங்களை மூடிவிட்டு எல்லை கடந்தன. சுமார் 12,000 தொழிலாளர் வேலையிழந்தனர்.

குறைந்தபட்சக் கூலியை எதிர்ப்போர் இந்நிகழ்ச்சியை எடுத்துக்காட்டி, சட்டம் போட்டதன் பலனைப் பாருங்கள் என்பர். நாம் மறுக்கவில்லை, பலன் அதுதான். ஆனால் அது கூலி உயர்ந்ததன் பலனா, அடுத்த ஊரில் உயராததன் பலனா என்பதே கேள்வி. இரு மாவட்டங்களும் 1956க்கு முன்னிருந்தவாறு ஒரே ஆட்சியில் இருந்து, ஒரே நாளில் இச்சட்டம் வந்திருந்தால், அந்த லாரிகள் எங்கே திரும்பியிருக்கும்?

தொழிலாளியே முதலாளியாதல்

வேலையிழந்தவர்கள் போராடினர், பட்டினி கிடந்தனர், ஊர்வலம் சென்றனர். அரசு ஒரு வழி கண்டது. 1969 பிப்ரவரியில் கேரள தினேஷ் பீடித் தொழிலாளர் மத்தியக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. தொழிலாளரே பங்குதாரர், பங்குத் தொகையின் பெரும்பகுதியை அரசு கடனாகக் கொடுத்தது. ஊர்தோறும் தொடக்கச் சங்கங்கள். அவற்றின் நிர்வாகக் குழுக்களைத் தொழிலாளரே தேர்ந்தெடுத்தனர். இலையும் தூளும் வாங்குவது, விற்பது மத்தியச் சங்கத்தின் பணி.

தனியார் கொடுக்க இயலாது என்று விட்டுச் சென்ற அத்தனையும் இச்சங்கம் கொடுத்தது. குறைந்தபட்சக் கூலி, பஞ்சப்படி, போனஸ், ஊதியத்தோடு விடுப்பு, சேமநல நிதி ஆகியவற்றையெல்லாம் கொடுத்தும் அது வளர்ந்தது. 1980களின் தொடக்கத்தில் அதில் 40,000க்கும் மேற்பட்டோர் பணியாற்றினர். எவ்வாறு இயன்றது? காண்டிராக்டரின் கழிவு இல்லை. சுற்றிய பீடியைக் காரணமின்றிக் கழித்து ஒதுக்கும் கொடுமை இல்லை. தன் சங்கத்தின் பெயரில் விற்கும் பொருள் என்பதால் தரத்தில் தொழிலாளிக்கே அக்கறை. மலபாரின் உழைக்கும் மக்களும் அந்தப் பீடியைக் கேட்டு வாங்கினர். உயர்ந்த கூலி நிர்வாகத்தை ஒழுங்காக நடக்க நெருக்கியது. ஒழுங்கான நிர்வாகம் அந்தக் கூலியைத் தாங்கிற்று. கூலி உயர்ந்தால் தொழில் சாகும் என்ற வாதத்துக்கு இதைவிடக் கண்கூடான மறுப்பு வேண்டுவதில்லை.

ஆயினும் முழு உண்மையைக் கூறுவதே வரலாற்றுக்கு அழகு. 1990களில் சங்கம் தளரத் தொடங்கியது. புகைப்போர் குறைந்தனர், பொது இடங்களில் புகைக்கத் தடை வந்தது, அது நல்லதே. அதே வேளையில், குறைந்த கூலியில் சுற்றப்பட்ட வெளிமாநிலப் பீடி மலிவு விலையில் கேரளச் சந்தைக்குள் நுழைந்தது. 1968இல் கூலிக் கோட்டைத் தாண்டிச் சென்ற தொழில், பண்டமாக அதே கோட்டைத் தாண்டித் திரும்பி வந்தது. சங்கம் உணவுப் பொருள், குடை முதலிய வேறு தொழில்களில் இறங்கிப் பிழைத்தது. நேர்மையான ஒரு தீவு, சுற்றிலும் கடல் தாழ்ந்திருக்கும்போது மட்டும் உயர்ந்து நிற்பது எளிதன்று.

மறுகரையில் நடந்தது

இனி, மறுபக்கத்தைப் பார்ப்போம். குறைந்த கூலி கிடைத்த வட்டாரங்கள் செழித்தனவா?

தென் கன்னடத்தில், வங்காளத்தின் முர்ஷிதாபாத் மாவட்டத்தில், நம் திருநெல்வேலிச் சீமையில், வட ஆர்க்காட்டின் குடியாத்தம் பேரணாம்பட்டுப் பகுதிகளில் பீடி, வீட்டுக்குள் நுழைந்தது. ஆடவர் கூடத்தில் அமர்ந்து சுற்றிய தொழில், பெண்கள் திண்ணையிலும் முற்றத்திலும் சுற்றும் தொழிலாயிற்று. மேலப்பாளையத்திலும் கடையநல்லூரிலும் நம் சமுதாயப் பெண்கள் மடியில் சுளகை வைத்துச் சுற்றும் காட்சி நமக்குப் புதிதன்று. வீட்டை விட்டு வெளியே செல்ல இயலாத பெண்ணுக்கு, கணவனை இழந்தவளுக்கு, மணமாகாத மகளுக்கு அந்தச் சுளகே சோறிட்டது. இந்த நன்றியை நாம் மறக்கவில்லை. இவ்வூர்களுக்கு வேலை வரக்கூடாது என்று சொல்ல நமக்கு உரிமையும் இல்லை. ஆனால் வேலை வந்ததும் வளம் வந்ததா என்று கேட்க உரிமையுண்டு.

பீடித் தொழில் ஒரு வட்டாரத்திற்குத் தருவது என்ன என்று எண்ணிப் பார்ப்போம். இலை வேறொரு காட்டினது. புகையிலை வேறொரு வயலினது. முத்திரையும் இலாபமும் வேறொரு நகரத்தினது. சுற்றும் ஊருக்குத் தங்குவது கூலி ஒன்றுதான். அந்தக் கூலியையும் குறைத்துவிட்டால், அந்த ஊருக்கு அத்தொழிலால் மிஞ்சுவது இருமல் மட்டுமே. பின்தங்கிய பகுதி முன்னேறக் குறைந்த கூலி ஓர் அனுகூலம் என்று கூறப்படுகிறது. பிற தொழில்களில் அதற்கு இடமிருக்கலாம். அங்கே கூலியை நாடி வரும் முதலாளி ஆலை கட்டுவார், இயந்திரம் வைப்பார், கைத்திறன் வளரும். பீடி முதலாளியோ எதையும் நட்டுவைப்பதில்லை. ஆதலால் குறைந்த கூலியால் வந்த தொழில், அக்கூலி குறைவாகவே இருக்கும்வரைதான் தங்கும். வறுமையைப் போக்க வந்த தொழில், தங்குவதற்கு வறுமையையே வாடகையாகக் கேட்கிறது.

உற்பத்தித் திறனைப் பற்றியும் ஒரு சொல். கூலி கொடுக்கப்படுவது ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கணக்கில். நன்கு பழகிய ஒருவர் நாள் முழுவதும் முயன்றால் ஏறத்தாழ ஆயிரம் சுற்றலாம். பாஸ் புத்தகத்தில் ஒரு தாயின் பெயர் இருக்கும்; மாலையில் பீடிக்கடையில் ஆயிரம் பீடி கணக்கு வைக்கப்படும். ஏட்டைப் பார்ப்பவர், ஒரு தொழிலாளி, ஆயிரம் பீடி என்று எழுதிக்கொள்வார். ஆனால் அந்த ஆயிரத்தில் இலை வெட்டியவள் பாட்டி. முனை மடக்கியது சிறுமி. கட்டுப் போட்டது இன்னொரு மகள். கொடுத்த இலை போதாமல் கடையில் காசு கொடுத்து வாங்கிச் சேர்த்ததும் உண்டு. கழித்து ஒதுக்கப்பட்ட பீடிக்குக் கூலியே இல்லை. ஒருவர் கூலிக்கு மூவர் உழைப்பு. குறைந்த கூலி உற்பத்தியை மலிவாக்கிற்று என்பது உண்மை; உழைப்பின் திறத்தை உயர்த்தவில்லை. உழைப்பின் ஒரு பகுதியை ஏட்டிலிருந்து மறைத்தது, அவ்வளவே.

கண்ணனூர்க் கூடத்தில் ஒருவர் அமர்ந்தார், ஒருவர் சுற்றினார், ஒருவருக்குக் கூலி. அவருடைய பிள்ளை அந்நேரம் பள்ளியில் இருந்தது. 1970களிலும் 80களிலும் சுளகின் முன் அமர்ந்த சிறுமி பள்ளியில் இல்லை. கூலி உயர்வு உற்பத்தியைப் பெருக்குமா என்று கேட்போர் அந்த ஆண்டின் கணக்கைப் பார்க்கின்றனர். அந்தச் சிறுமி முப்பது வயதில் என்ன வேலை செய்யத் தகுதி பெற்றாள் என்பதே உண்மையான கணக்கு. இரு வட்டாரங்களுக்கிடையே ஏற்றத்தாழ்வு வேரூன்றுவது கூலியில் அல்ல. கூலிக் குறைவை ஈடுகட்ட எந்தக் கைகள் அழைக்கப்பட்டன என்பதில்தான்.

எங்கும் ஒன்றாயிருந்தவை

அப்படியாயின் வழி என்ன? இதே தொழிலின் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. 1974இல் உச்ச நீதிமன்றம் 1966ஆம் ஆண்டுச் சட்டம் செல்லும் என்றது. காண்டிராக்டரை முன்நிறுத்தினாலும் முத்திரைக்குரிய நிறுவனம் பொறுப்பிலிருந்து தப்ப இயலாது என்றும், வீட்டிலிருந்து சுற்றுபவருக்கும் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு என்றும் கூறிற்று. 1976இல் நாடாளுமன்றம் பீடித் தொழிலாளர் நலநிதியை ஏற்படுத்தி, நாடெங்கும் பீடிக்கு ஒரே அளவில் தீர்வை விதித்தது. 1977இல் சேமநல நிதித் திட்டம் பீடித் தொழிலுக்கு விரிக்கப்பட்டது. வீட்டுத் தொழிலாளருக்கும் அது உரியது என 1985இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. நலநிதியிலிருந்து மருத்துவமனைகள் எழுந்தன. பீடி சுற்றுவோரின் பிள்ளைகளுக்குக் கல்வி உதவித்தொகை கிடைத்தது. வீடு கட்ட உதவி வந்தது. பீடித் தீர்வை 2017இல் நீக்கப்பட்டதாயினும், அது இருந்த நாற்பது ஆண்டுகள் நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றன. அந்தத் தீர்வைக்கு அஞ்சி ஒரு நிறுவனமும் கண்ணனூரை விட்டு மங்களூருக்கு ஓடவில்லை. ஏனெனில் மங்களூரிலும் அதே தீர்வை.

பிற நாட்டு அனுபவமும் இதற்குத் துணை. 1938இல் அமெரிக்கா நாடு முழுமைக்கும் மணிக்கு 25 சென்ட் என்று கூலித் தளம் அமைத்தபோது, வறிய தென் மாநிலங்களுக்குத் தனியாகக் குறைந்த விகிதம் வேண்டும் என்று வலுவாகக் கோரப்பட்டது. வட்டாரத்தை மட்டும் காரணமாக வைத்துக் குறைப்பதற்குச் சட்டம் இடம் தரவில்லை. அதற்கு ஒரு விலையும் கொடுக்க நேர்ந்தது: டெக்சாஸின் சான் அந்தோனியோ நகரில் பெக்கன் கொட்டை உடைக்கும் தொழிலில், அற்பக் கூலி பெற்ற ஆயிரக்கணக்கான மெக்சிகோ வமிசத்தினரின் இடத்தை இயந்திரங்கள் பிடித்தன. இதனையும் மறைக்கலாகாது. தளம் அமைப்பவர்கள், அதனால் கீழே விழுவோருக்குக் கை கொடுக்கும் ஏற்பாட்டையும் கூடவே செய்யவேண்டும் என்பதே இதன் படிப்பினை.

ஜெர்மனி 2015 ஜனவரியில் நாடெங்கும் மணிக்கு 8.50 யூரோ என்று விதித்தது. கூலி தாழ்ந்த கிழக்குப் பகுதிக்கும் அதே விகிதம். வேலை அழியும் என்று பலர் எச்சரித்தனர். பின்னர் 2022இல் வெளிவந்த ஆய்வு வேறு முடிவைக் காட்டிற்று. குறைந்த கூலி பெற்றோரின் வருவாய் உயர்ந்தது. அவர்களின் வேலைவாய்ப்பு குறையவில்லை. அவர்களில் பலர் திறம் குறைந்த சிறு நிறுவனங்களிலிருந்து திறம் மிகுந்த நிறுவனங்களுக்கு மாறினர். மலிவான உழைப்பை நம்பி மட்டுமே வாழ்ந்த நிறுவனத்தைவிட்டு, உழைப்பைச் செவ்வனே பயன்படுத்தத் தெரிந்த நிறுவனத்தைத் தொழிலாளி அடைந்தான். அத்தகைய வேறு நிறுவனம் அவன் எட்டும் தொலைவில் இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். நெல்லைத் தெருவில் சுளகின் முன் அமர்ந்த பெண்ணுக்கு அது இல்லை. ஆகவே கூலித் தளம் மட்டும் போதாது. சாலையும் பள்ளியும் வேறு வேலையும் அவள் ஊரை வந்தடைய வேண்டும்.

மீண்டும் அதே கேள்வி

1996இல் மத்திய அரசு நாள் ஒன்றுக்கு 35 ரூபாய் என்று தேசியத் தளக் கூலியை அறிவித்தது. அது அறிவுரையாகவே நின்றது. சட்டத்தின் வலு அதற்கில்லை. 2019இல் ஊதியச் சட்டத் தொகுப்பு நிறைவேறியது. 2025 நவம்பர் 21ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. 1948ஆம் ஆண்டுச் சட்டம் அதனுள் அடங்கிற்று. மத்திய அரசு ஒரு தளக் கூலியை விதிக்கும். எந்த மாநிலமும் அதற்குக் கீழே செல்லலாகாது என்று இப்புதிய சட்டம் கூறுகிறது. 1968இல் கண்ணனூர்த் தொழிலாளி வேண்டிநின்றது இதுவே எனலாம்.

ஆனால் அதே பிரிவு மற்றொன்றையும் கூறுகிறது. நாட்டின் வெவ்வேறு பகுதிகளுக்கு வெவ்வேறு தளக் கூலியை மத்திய அரசு விதிக்கலாம் என்பதே அது. விலைவாசி வேறுபடும் பெரிய நாட்டில் இதற்குக் காரணம் இல்லாமலில்லை. எனினும், 1948இல் வட்டார வேறுபாட்டுக்கும் 1966இல் தேதி வேறுபாட்டுக்கும் கூறப்பட்ட காரணங்களும் கேட்பதற்கு நன்றாகவே இருந்தன. தளங்களுக்கிடையே உள்ள இடைவெளி வாழ்க்கைச் செலவின் இடைவெளி அளவில் நின்றால் குற்றமில்லை. அதற்கு மேல் அகன்றால், அந்த இடைவெளியில் லாரி நுழையும்.

கண்ணனூர் வரலாறு நமக்குக் கற்பிப்பது, கூலியை உயர்த்தாதே என்பதன்று. ஓரிடத்தில் மட்டும் உயர்த்தி நில்லாதே என்பதே. ஒரு வீட்டின் ஓர் அறையில் மட்டும் தளத்தை உயர்த்தினால், மழைநீர் அடுத்த அறையில் தேங்கும். அந்த அறையில் படுத்திருப்பவனும் அதே வீட்டுப் பிள்ளைதான். மங்களூர்ப் பெண்ணும் மேலப்பாளையத்துப் பெண்ணும் முர்ஷிதாபாத் பெண்ணும் கண்ணனூர்த் தொழிலாளியின் வேலையைப் பறித்தவர்கள் அல்லர். தங்கள் உழைப்புக்கு உரிய விலையைக் கேட்க வாய்ப்பில்லாத காரணத்தால், அடுத்தவர் உரிமையை அறுக்கும் கத்தியாகப் பயன்படுத்தப்பட்டவர்கள். அவர்களுக்கும் சேர்த்து உயரும் கூலியே எவருடைய வேலையையும் பறிக்காத கூலி.

1956இல் வரையப்பட்ட கோடு மொழிக்காக வரையப்பட்டது. அது மொழிக்கு மட்டுமே உரியதாய் இருக்கட்டும்.